இரைச்சலின் வாரிசு

கிராமபோன் தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, ஒரு வேகத்தில் ஓட வேண்டியதை வேறு வேகத்தில் ஓட விடுவது, முள் பூட்டிய தலைமேல் காசு வைப்பது. என் சின்ன வயதில் இந்த மூன்றில் முதல் இரண்டும் முதுகுத்தோலை உரிக்கும் குற்றங்கள். மூன்றாவது தொழில் ரகசியம். இன்றைக்கு முதல் இரண்டும் நிபுணர்கள் வரிசை எண் போட்டுச் சொல்லித்தரும் செய்முறை. மூன்றாவதை வாயால் சொன்னாலே பாவம். அறுபது வருஷத்தில் தர்மசாஸ்திரம் இப்படித் தலைகீழாகும் என்று தெரிந்திருந்தால், அன்று வாங்கிய அடிகளுக்கு ரசீது கேட்டு வைத்திருப்பேன்.

திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரில் பெரியப்பா சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அம்மன் கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதலில் ஆள் வருவது அவரிடம்தான்; சமைக்கத் தவசுப்பிள்ளைக்குச் சொல்வதுகூட அப்புறம்தான். சொத்து விவரம்: இரண்டு கூம்புக் குழாய், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், லாரி பேட்டரி, சாவி கொடுத்தால் சுற்றும் மோட்டார், அதன்மேல் மின்சாரப் பிக்கப், டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு நடுவே பழைய தினத்தந்தி மடித்து வைத்து, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில், மணப்பெண்ணை ஏற்றுவதைவிடப் பக்குவமாக ஏற்றுவார். எனக்கு வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும் பதவி. சம்பளம், பந்தியில் முதல் இலை.

அந்தக் காலத்து 78 தட்டு அரக்கால் ஆனது. மரத்தில் பூச்சி கக்கும் அதே அரக்கு. கெட்டித் தன்மைக்காகக் கல்பொடியும் கலந்திருப்பார்கள். பொடியின் சொரசொரப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரும்பு முள்ளைத் தேய்த்துத் தேய்த்துத் தன் பள்ளத்தின் அளவுக்குத் தட்டே ஆக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது கம்பெனிக் கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு முள் என்பது பெரியப்பா கணக்கு. ஒரு பக்கம் ஓடுவது மூன்று, மூன்றரை நிமிஷம். அதற்குள் சாவி கொடுக்க வேண்டும், அடுத்த தட்டைத் துடைத்துக் கையில் வைத்திருக்க வேண்டும், முகூர்த்தம் நெருங்கிவிட்டதா என்று மேடைப் பக்கம் ஒரு கண் வேண்டும். வெற்றிலை போட மட்டும் அவருக்கு எப்படியோ நேரம் கிடைத்தது.

முதல் தட்டு எப்போதும் சீர்காழியின் விநாயகர் பாட்டு. அதில் ஒருவருக்கும் தகராறு கிடையாது. இரண்டாவது தட்டில் தொடங்கும். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் எம்.ஜி.ஆர். கட்சி என்றால், பெண் வீட்டார் கட்டாயம் சிவாஜி கட்சியாக இருப்பார்கள். அங்கே ஒன்று போட்டால் இங்கே ஒன்று போட வேண்டும். ஒன்று கூடினாலும் பந்தலில் கை கலக்கும். பெரியப்பா கணக்குப் பிசகாமல் மாற்றி மாற்றிப் போடுவார். இரண்டு கட்சிக்கும் பாடியது டி.எம்.சௌந்தரராஜன் ஒருவர்தான் என்பதைப் பந்தலில் யாரும் பொருட்படுத்தியதில்லை. ‘பாசமலர்’ 1961இல் வந்த பிறகு, எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அந்தத் தோழிப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் மணமேடைக்கு வந்ததில்லை. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொள்ளும்.

பிறகு பிளாஸ்டிக் தட்டு வந்தது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு கொண்ட சின்ன ஈ.பி., இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் பெரிய எல்.பி. கீழே போட்டாலும் உடையாது என்று கடைக்காரர் காண்பித்தாராம். கீறும் என்பதைக் காண்பிக்கவில்லை. அமெரிக்காவில் எல்.பி. 1948இலேயே வந்துவிட்டது. நம் ஊர் சாவகாசமாக நடந்தது. மற்ற நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இங்கே அது அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன. எங்கள் பெட்டியில் பழைய நாடக மேடைக் கிட்டப்பாவும் சினிமா ஈஸ்வரியும் ஒரே தினத்தந்திக்குள் படுத்துக் கிடந்தது இப்படித்தான்.

புதுத் தட்டுகளுக்காகப் பெரியப்பா நாலு வேகப் பெட்டி ஒன்று வாங்கினார். 16, 33, 45, 78 என்று நாலு புள்ளிகள், நடுவில் ஒரு குமிழ். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, 45இல் ஓட வேண்டிய சௌந்தரராஜனை 78க்குத் திருப்புவது எங்கள் விளையாட்டு. கம்பீரமான கொள்கைப் பாட்டை ஒரு சுண்டெலி அவசர அவசரமாகப் பாடும். பந்தல் முழுக்கச் சிரிக்கும். மோர்ச்சோற்றுக் கையோடு பெரியப்பா ஓடி வருவார். “முள்ளத் தொட்டே, கைய ஒடிச்சிருவேம்லே!” நான் தொட்டது குமிழைத்தான், முள்ளை அல்ல என்ற வாதம் ஒருநாளும் எடுபட்டதில்லை.

காசு விவகாரமும் இந்தப் பெட்டியோடு வந்ததுதான். பழைய பிக்கப்பின் தலை நூறு கிராமை ஒட்டிய பாரம்; பள்ளத்தை விட்டு எங்கும் போகாது. புதுப் பெட்டியின் தலை லேசு. கீறலைக் கண்டால் தாவும், அல்லது ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பெரியப்பா இடுப்பு மடிப்பிலிருந்து நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்து, தலைமேல் வைப்பார். தாவல் நிற்கும். தட்டு தேயும். தேய்ந்தால் என்ன, அடுத்த படத்துக்கு அடுத்த தட்டு வருமே என்பது அவர் சித்தாந்தம். செல்லாக் காசுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்த இடம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனி இன்றைய கதை.

பூர்வீக வீட்டை இடித்தபோது டிரங்குப் பெட்டி என் பங்குக்கு வந்தது. மற்ற பங்காளிகளுக்கு நிலைக்கதவும் அண்டாவும் போயின. பெட்டியை எனக்கு ஒதுக்கியதில் அவர்களுக்குள் அபூர்வமான ஒற்றுமை இருந்தது. என் மகள் சொன்னாள்: “எல்லாத்தையும் எம்.பி.3யா மாத்திருங்கப்பா. நாளைக்குப் பிள்ளைங்க கேக்கும்ல?” ரிட்டயரான மனிதனிடம் இதைவிட ஆபத்தான வாக்கியம் வேறில்லை.

யு.எஸ்.பி. வயரோடு வரும் தட்டுச்சுற்றி ஒன்று வாங்கினோம். கணினியில் பூட்டினால் பாட்டு நேரே உள்ளே போய்விடும். ஆனால் அதற்கு 33ம் 45ம்தான் தெரியும்; 78 என்று ஒரு காலம் இருந்ததே அதன் ஞாபகத்தில் இல்லை. வழி உண்டு என்று தெரிய வந்தது. 78 தட்டை 45இல் ஓட விட்டுப் பதிவு செய்துவிட்டு, ‘ஆடாசிட்டி’ என்ற இலவச நிரலில் வேகத்தைச் சுமார் 73 சதவீதம் கூட்ட வேண்டும். அதாவது, குமிழைத் தப்பான புள்ளியில் வைப்பதுதான் இப்போது சரியான முறை. பதிவாகும் வரை கே.பி.சுந்தராம்பாள் அடித்தொண்டை ஆண்குரலில் முருகனைக் கூப்பிட்டார். உச்சஸ்தாயிக்குப் பேர்போன கிட்டப்பா, தூக்கத்தில் புலம்பும் தடித்த ஆசாமி ஒருவராகிப் போனார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். வேகத்தைக் கூட்டும் கட்டளையைக் கொடுத்ததும் இருவரும் அவரவர் குரலுக்குத் திரும்பினார்கள். ஓடி வந்து அடிக்க ஆள் இல்லாமல் இந்தக் காரியத்தைச் செய்வதில் ஒரு சுகமும் இல்லை.

முள்ளும் வேறு. 78இன் பள்ளம் அகலம், எல்.பி.யின் முள் அதற்குள் இறங்கினால் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் வாசிக்கும். அகல முனை கொண்ட முள் தனியாக வரவழைக்க வேண்டும். தலையின் பாரம் ஒருசில கிராம் அளவில் இருப்பது உத்தமம் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அதை நிறுக்க நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசே விற்கிறது. ஓட்டைக் காலணாவின் கதையை அவர்களில் ஒருவரிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அடுத்தது ஸ்நானம். காய்ச்சி வடித்த தண்ணீர், சொட்டு சோப்பு, மெல்லிய துணி. பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும். நடுக் காகிதத்தில் ஈரம் படக்கூடாது. பிளாஸ்டிக் தட்டுக்குக் கொஞ்சம் ஆல்கஹால் ஆகும், அரக்குத் தட்டுக்கு ஆகவே ஆகாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும்; மெருகு போடும் எந்த ஆசாரியும் சொல்லிவிடுவார். கழுவிய தண்ணீர் பழுப்பாக இறங்கியது. அதில் சந்தனமும் பந்தல் புழுதியும் எந்த விகிதத்தில் இருந்தன என்று பிரித்துச் சொல்ல ஒரு நிரலும் வரவில்லை.

கணினிப் பிள்ளைகள் ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கைபேசியிலிருந்து கைபேசிக்கு ஆயிரம் பாட்டு மாற்ற ஒரு காபி குடிக்கும் நேரம் போதும். தட்டிலிருந்து மாற்ற, தட்டு ஓடும் நேரம் முழுக்க ஆகும். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் பள்ளத்தின் நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முள் அதை நடந்தே கடக்கும், லிஃப்ட் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்ததும் திருப்பிப் போட வேண்டும். ஆகவே அத்தனை தட்டையும் முழுசாகக் கேட்டேன். கல்யாணப் பந்தலில் பெரியப்பாகூட இப்படிக் கேட்டதில்லை. அவருக்கு அடுத்த தட்டைப் பற்றிய கவலை.

எம்.பி.3 என்றாலே முகம் சுளிக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு ஒலியில் பாதிக்கு மேல் தூக்கி எறிந்துவிடுகிறதாம். தட்டில்தான் ‘உயிர்’ இருக்கிறதாம். இருக்கட்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை விடிய விடிய வாசித்த தோடி, தட்டில் ஏறியபோது எத்தனை நிமிஷம்? ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம். இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரு பந்தி இலை எடுக்கும் நேரம்கூட வராது. எம்.பி.3 எறிந்தது காது கவனிக்காததை. தட்டு எறிந்தது இரவில் பெரும்பகுதியை. மிச்சம் இருந்த அந்த ஆறு நிமிஷத்துக்காக ஜனங்கள் தட்டு வாங்கி, தோடி என்றால் இதுதான் என்று சத்தியமும் செய்தார்கள். உயிர் போவதும் இருப்பதும் தலைமுறைக்குத் தலைமுறை வேறு இடத்தில் நடக்கிறது.

கரகரப்பை நீக்குவது கடைசிக் கட்டம். பாட்டு தொடங்குமுன் வெறும் பள்ளம் ஓடும் ஓரிரு வினாடியை நிரலுக்குக் காட்டி, ‘இதுதான் இரைச்சல், தெரிந்துகொள்’ என்று சொல்ல வேண்டும். அது தெரிந்துகொண்டு, பாட்டு முழுவதிலிருந்தும் அதை உருவிவிடும். அளவோடு உருவினால் நல்லது. ஆசை மிஞ்சினால் மிருதங்கத்தின் வலந்தலையையும் இரைச்சல் என்று முடிவு கட்டிவிடும். பாடகர் தண்ணீருக்கடியிலிருந்து பாடுவார். எங்கள் தோழிப் பாட்டுத் தட்டில் ஒரு கீறல் உண்டு. அந்த இடத்தில் ஈஸ்வரி ஒரு சொல்லைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். எங்கள் தெருப் பெண்கள் தாமாகப் பாடும்போதும் அங்கே ஒரு குதி குதித்துத்தான் பாடுவார்கள். அதை நான் ஒட்டுப் போடவில்லை. சரியான பாட்டு யூடியூபில் கிடக்கிறது. தப்பான பாட்டு எங்கள் ஊரில் மட்டும்தானே இருந்தது.

எல்லாம் முடிந்து பார்த்தால், டிரங்குப் பெட்டி கட்டைவிரல் நகத்தளவு கார்டு ஒன்றுக்குள் போய், ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. 128 ஜி.பி. கார்டில், நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. என்ற கணக்கில், ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் நிமிஷப் பாட்டு பிடிக்கும். இரவு பகல் நிறுத்தாமல் கேட்டால் மூன்று மாதம். அத்தனையையும் 78 தட்டாக வைத்திருந்தால், தட்டுக்கு 200 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் நாலு டன்னை ஒட்டி வரும். பெரியப்பாவின் காளைகள் இந்தச் செய்தியைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தது நல்லதுதான்.

கார்டைக் காரில் செருகியபோது ஒரு சமத்துவம் தெரிந்தது. பாடியவர் பெயர் என்று திரையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஓடியது: ‘அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’. ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க 1935இல் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கிய சுந்தராம்பாளும் அன்னோன். எம்.ஜி.ஆர். பாட்டும் அன்னோன், சிவாஜி பாட்டும் அன்னோன். இந்த ஒற்றுமையைப் பெரியப்பா பந்தலில் கொண்டுவர முடிந்திருந்தால் எத்தனையோ நாற்காலிகள் தப்பியிருக்கும். கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சான தட்டின் நடுக் காகிதத்தில் பாடியவர், படம், சில தட்டுகளில் ராகம், தாளம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஒவ்வொன்றாக நான்தான் தட்டச்சு செய்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். கும்பிடும் கைகள் வந்தன, கட்டைவிரல்கள் வந்தன, கண்ணீர் விடும் மஞ்சள் முகங்களும் வந்தன. சிட்னியிலிருக்கும் மருமகன் ‘பொக்கிஷம் மாமா’ என்று எழுதினார். அன்று ஒரு குழாயை வேப்பமரத்தில் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. இன்று இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதி ஒன்று இருக்கிறது. பகலில்கூட அவரவர் காதுக்குள் அவரவர் குழாய். எத்தனை பேர் இறக்கிக் கேட்டார்கள் என்று விசாரித்தேன். “கண்டிப்பா கேக்கணும் மாமா, டைம்தான் கிடைக்கல.” பாட்டு மூன்றேகால் நிமிஷம்.

உலகம் இதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் 2022இல் விற்ற எல்.பி.க்களின் எண்ணிக்கை சி.டி.யைத் தாண்டிவிட்டதாம், 1987க்குப் பிறகு முதல் தடவை. என் பேரனும் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு புது எல்.பி. வாங்கி வந்தான். சுவரில் மாட்டினான். போட்டுக் கேட்க வேண்டாமா என்றேன். கீறல் விழுந்துவிடும் என்றான். அந்தப் பாட்டைக் கைபேசியில் கேட்டுக்கொண்டே சுவரில் தட்டைப் பார்க்கிறான். காதும் கண்ணும் இப்படிப் பாகப்பிரிவினை செய்துகொண்டு நான் கண்டதில்லை.

அவன் சொந்தமாக இசையும் அமைக்கிறான். ‘லோ-ஃபை’ என்று பெயர். படிக்கும்போதும் தூங்கும்போதும் கேட்கிற வகையாம். அதில் பழைய தட்டு ஓடுவதுபோல ஒரு சரசரப்பு கட்டாயம் வேண்டும். புதிதாகச் செய்த சுத்தமான ஒலியின்மேல் அதைத் தூவ ஒரு நிரல் வைத்திருக்கிறான். தூசி, கீறல், தட்டின் வளைவு என்று தனித்தனித் திருகுகள். எந்தக் காலத்துத் தட்டு வேண்டும் என்றும் சொல்லலாம்: முப்பதுகளா, ஐம்பதுகளா, எழுபதுகளா. நான் முன்னறையில் உட்கார்ந்து கரகரப்பை உருவிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவன் பின்னறையில் கரகரப்பை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். நடுவில் ஒரே ஒரு சுவர்.

ஒருநாள் வந்து கேட்டான். “தாத்தா, நீங்க எடுத்துப் போட்ட நாய்ஸ் மட்டும் தனியாக் கிடைக்குமா? ஒரிஜினல்னா செமயா இருக்கும்.”

கிடைக்கும். இரைச்சல் நீக்கும் அதே கட்டத்தில் ‘எச்சம்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தொட்டால் பாட்டை விட்டுவிட்டு, உருவியதை மட்டும் கொடுக்கும். தட்டுத் தட்டாக எடுத்துக் கொடுத்தேன். தேய்ந்த முள்ளின் சீறல், கழுவியும் போகாத பந்தல் புழுதி, ஓட்டைக் காலணா உழுத தடம். குடும்பத்தில் முழுசாக இறக்கிக்கொள்ளப்பட்ட ஒரே கோப்பு அதுதான். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ரசித்தான். இவ்வளவு தரமான இரைச்சல் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தான். தட்டை இப்படிப் பாழாக்குகிறாரே என்று பெரியப்பாவைத் திட்டியவர்களில் ஒருவரும் இன்று இல்லை. இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அவன் பாட்டு இப்போது வெளிவந்துவிட்டது. ஏற்றுவதற்குமுன், கலைஞர்கள் என்ற கட்டத்தில் தன் பெயருக்கு அடுத்து யாரைப் போடுவது என்று கேட்டான். பெரியப்பா பெயரை இனிஷியலோடு சொன்னேன். பின்னால் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்பதையும் மறக்காமல் சேர்க்கச் சொன்னேன். வாடகை பாக்கியை அவர் ஒருநாளும் விட்டதில்லை.